கொன்சோலுக்கு மட்டும் வந்த பழைய கேம்களை வன்னியில் இருந்து விளையாட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் போன்ற கொன்சோல் (டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி) ஒன்றுக்கு மட்டும் என்று வெளிவந்து, சில வருடம் கழித்துக் கணினிக்கும் எதிர்த்தரப்புக் கொன்சோலுக்கும் வந்துசேரும் கேம்கள் இருக்கின்றன. அவை பற்றிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய மெஷின், மெதுவான லைன், எண்ணிச் செலவழிக்கும் கை: இந்த மூன்றும் உள்ள ஒருவருக்குப் பொருத்தமானது, வெளிவந்து இரண்டு மூன்று வருடமான போர்ட்தான்.

போர்ட் என்றால் என்ன? எமுலேட்டரும் அதுவும் ஒன்றா?

இல்லை. கேமின் மூல நிரலை எடுத்து, வேறொரு மெஷினில் நேரடியாக ஓடும்படி மாற்றி எழுதி விற்பது போர்ட். எமுலேட்டர் என்பது உங்கள் கணினியைப் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) போலவோ பிஎஸ்3 போலவோ நடிக்கவைக்கும் மென்பொருள். கேம் மாறாமல் அப்படியே இருக்கும். பிஎஸ்2-க்கான பிசிஎஸ்எக்ஸ்2 சாதாரணக் கணினியிலும் ஓடும், ஆனால் உங்களுடைய பிஎஸ்2-இலிருந்து எடுத்த பயோஸ் கோப்பு (மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) வேண்டும். பிஎஸ்3-க்கான ஆர்பிசிஎஸ்3-க்குப் பலமான புரொசசர் வேண்டும். பழைய ஓபிஸ் மெஷினில் மினக்கெட வேண்டாம்.

போர்ட் நமக்குப் புதிதும் இல்லை. வன்னியில் விளையாடாத பெடியன் இல்லை என்னும் அளவுக்குப் பரவிய ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ், 2004 ஒக்டோபரில் பிஎஸ்2-க்கு மட்டும் வந்தது. கணினிக்கு வந்தது 2005 ஜூனில். வைஸ் சிட்டியும் அப்படியே: 2002-இல் பிஎஸ்2, 2003-இல் கணினி.

முன்பு விடாமல் வைத்திருந்த கேம்களை இப்போது ஏன் மற்றவர்களுக்கும் விடுகிறார்கள்?

செலவு. பெரிய கேம் ஒன்றைச் செய்யப் பல வருடமும் பல நூறு பேரும் தேவைப்படுகிறார்கள். ஒரு கொன்சோல் வைத்திருப்பவர்களிடம் மட்டும் விற்று அந்தக் காசை எடுப்பது கடினமாகிவிட்டது. பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி 2020 ஓகஸ்டில் ஹொரைசன் ஸீரோ டோனைக் கணினிக்கு விட்டது. பின் டேய்ஸ் கோன் 2021 மே, கோட் ஒஃப் வோர் 2022 ஜனவரி, ஸ்பைடர்மேன் 2022 ஓகஸ்ட், கோஸ்ட் ஒஃப் சுஷிமா 2024 மே. போர்ட் வேலையில் பேர்பெற்ற நிக்ஸஸ் என்ற நெதர்லாந்து நிறுவனத்தை 2021-இல் சோனி வாங்கியே விட்டது.

எக்ஸ்பொக்ஸைச் செய்யும் மைக்ரோசொஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 தொடக்கத்தில் ஹை-ஃபை ரஷ், பென்டிமென்ட், கிரவுண்டட், சீ ஒஃப் தீவ்ஸ் நான்கையும் எதிர்த்தரப்புக் கொன்சோல்களுக்கு விட்டது. 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5-க்கு வந்தது. 2006-இல் எக்ஸ்பொக்ஸ் 360-ஐ விற்றுக்கொடுத்த கியர்ஸ் ஒஃப் வோர், 2025 ஓகஸ்டில் புதுப்பித்த பதிப்பாகப் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது.

ஒரு கேமை மாற்றுவதில் அப்படி என்ன கஷ்டம்? ஏன் சில போர்ட் வந்த அன்றே குழம்பிக் கிடக்கிறது?

இது ஆறுதலாகப் பார்க்கவேண்டிய விஷயம், ஏனென்றால் எதை எப்போது வாங்குவது என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

பிஎஸ்3, எக்ஸ்பொக்ஸ் 360 இரண்டின் புரொசசரும் எண்களை நினைவகத்தில் வைக்கும் ஒழுங்கு கணினிக்கு நேர்மாறு. 1 என்ற எண் நான்கு பைட்டில் அங்கே 00 00 00 01 என்று கிடக்கும். அதே கோப்பைக் கணினி மறுபக்கத்திலிருந்து வாசித்தால் 1 என்பது 16,777,216 ஆகிவிடும். ஒரு கதவுக்கு ஒரு சாவி என்று எழுதிய இடத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சாவி. படம், ஒலி, வரைபடம், சேவ் கோப்பு என்று எல்லாவற்றிலும் இதைத் தேடித் திருப்ப வேண்டும். பிஎஸ்3-இல் இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: செல் என்ற அதன் புரொசசரில் ஒரு பிரதான கோரும் (கணக்குப் போடும் பகுதி), கேம்களுக்குக் கிடைக்கும் ஆறு சிறிய துணைக் கோர்களும். துணைக் கோர் ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் சொந்த நினைவகம். அதற்குள் அடங்கும்படி துண்டு துண்டாக எழுதிய வேலையைக் கணினிக்குப் புதிதாகவே எழுத வேண்டும். பிஎஸ்3 காலத்துக் கேம்கள் பல இன்னும் அங்கேயே சிறைப்பட்டுக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிஎஸ்4 வந்தபோது (2013) உள்ளே இருந்தது ஏஎம்டியின் எட்டுக் கோர் புரொசசர், கணினியின் அதே குடும்பம். அதனால்தான் இன்று வரும் போர்ட்களில் பெரும்பகுதி பிஎஸ்4 காலத்தவை. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. பிஎஸ்4-இல் 8 ஜிபி நினைவகத்தைப் புரொசசரும் கிராஃபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும். கணினியில் ராம் வேறு, கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி வேறு. ஒரே முற்றத்தில் இருந்ததை இரண்டு வீட்டுக்குப் பிரித்து, அங்கும் இங்கும் தூக்கிச் சுமக்க வேண்டும். இதைச் சரியாகப் பிரிக்காவிட்டால் கார்ட் மெமரி நிரம்பி, படம் மங்கி, கேம் விக்கும். 2023 மார்ச்சில் வந்த த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 1 இதில்தான் மாட்டியது. பல திருத்தங்களுக்குப் பிறகே நிமிர்ந்தது.

மூன்றாவது, கேமின் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு, அதாவது விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதோடு, கட்டப்பட்டிருப்பது. கொன்சோலில் 30 ஃபிரேம் என்றால் என்றைக்கும் 30தான், ஆகவே எழுதுபவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள். சான் அன்ட்ரியாஸில் ஃபிரேம் லிமிட்டரை (அந்த வேகத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத அமைப்பை) நிறுத்திவிட்டு நீந்திப் பாருங்கள்: கையை எவ்வளவு அடித்தாலும் ஆள் நகர மாட்டான். லிமிட்டரைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்.

எங்களிடம் இருப்பது பாவித்த ஓபிஸ் கணினி. காணுமா?

காணும், ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் போட்டால். டெல் ஒப்டிபிளெக்ஸ் போன்ற, கோர் ஐ5 நான்காம் தலைமுறை மெஷின்கள்தான் இங்கே அதிகம். வாங்கும்போது தலைமுறையை வடிவாகப் பாருங்கள். ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. புதிய கேம்கள் சில ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாமல் திறக்கவே மாட்டா. அது நான்காம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் நான்காவதற்கே போங்கள்.

சிறிய பெட்டி மொடல்களில் பவர் சப்ளை 250 வாட் அளவுதான். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதற்குள் பொருந்தவும் மாட்டாது. எனவே தனிப் பவர் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்ட் வேண்டும்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650, இரண்டும் 4 ஜிபி. 1650 என்றால் வயர் கேட்கும் மொடல்களும் உண்டு. கார்டின் விளிம்பில் ஆறு பின் துவாரம் இருந்தால் அது உங்களுக்குரியது இல்லை. பெட்டி மெலிதாக இருந்தால் 'லோ புரொஃபைல்' என்று கேட்டு, குட்டைத் தகட்டையும் சேர்த்து வாங்குங்கள். தகடு இல்லாமல் கார்டை வாங்கிவிட்டு மூடியைத் திறந்தபடியே வைத்திருப்பவர்கள் கனபேர். உள்ளே போகும் புழுதியே அந்தக் கார்டைச் சாகடித்துவிடும். ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கிடைத்தாலும் பழைய மெஷினில் முழு வேகம் தராது, ஏனெனில் அது மதர்போர்டோடு பேச நான்கு லேன் (தகவல் பாதை) மட்டுமே பாவிக்கிறது.

ராம் 8 ஜிபி குறைந்தபட்சம். ஒரே 8 ஜிபி குச்சியை விட இரண்டு 4 ஜிபி குச்சி நல்லது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால், ஓடும்போது படம் நின்று நின்று வருவது பெருமளவு குறையும்.

அதில் என்னென்ன ஓடும்?

கோட் ஒஃப் வோர் (2018 கேம், 70 ஜிபி) கேட்பது ஜிடிஎக்ஸ் 960-உம் 8 ஜிபி ராமும். மேலே சொன்ன மெஷினில் தரத்தைக் குறைத்து 30 ஃபிரேமுக்குப் பூட்டி நிம்மதியாக விளையாடலாம். ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்ட் (75 ஜிபி) 720பி-யில் ஜிடிஎக்ஸ் 950-க்கே சம்மதிக்கும். டேய்ஸ் கோன், டெட்ரொயிட் இரண்டும் ஓடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010-இல் கொன்சோலுக்கு வந்து, கணினிக்கு 2024 ஒக்டோபரில்தான் வந்தது. 14 வருடக் காத்திருப்பு, ஆனால் வெறும் 12 ஜிபி! லைன் மெதுவானவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 1 16 ஜிபி ராமும் 100 ஜிபி இடமும் கேட்கும். ஃபைனல் ஃபான்டசி 7 ரீபர்த்துக்குக் குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 வேண்டும். 1050 டிஐ-யில் தரத்தைக் குறைத்தும் பயனில்லை.

75 ஜிபியை எப்படி இறக்குவது? எங்கள் பக்கம் லைன் ஆக மெதுவு.

கணக்கு இதுதான்: 10 எம்பிபிஎஸ் லைனில் 75 ஜிபி இறங்க ஏறத்தாழ 17 மணித்தியாலம். 5 எம்பிபிஎஸ் என்றால் அதன் இரட்டிப்பு. 10 எம்பிபிஎஸ் லைனில் இரவு டேட்டா நேரத்தில் மட்டும் இறக்கினால் மூன்று நான்கு இரவு. கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் தானாக அப்டேட் ஆகும் நேரத்தை இரவு டேட்டா நேரத்துக்கு மட்டுப்படுத்தலாம். அதைச் செய்யாவிட்டால் பகல் டேட்டாவை ஒரு அப்டேட் விழுங்கிவிடும்.

ஒரு ஊரில் இரண்டு பேர் அதே கேமை வாங்கியிருந்தால் இரண்டு தரம் இறக்க வேண்டியதில்லை. இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, டவுன்லோட் அமைப்பில் உள்ளூர் நெட்வேர்க்கில் கேம் கோப்பு அனுப்பும் வசதியை இரண்டிலும் திறந்துவிடுங்கள். முதலில் அது 'என் கணக்குக்கு மட்டும்' என்று இருக்கும்; நண்பர்களுக்கு என்று மாற்ற வேண்டும். கொடுக்கும் கணினியில் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும், கேம் எதுவும் ஓடக்கூடாது. வைஃபை வேண்டாம், வயரால் இணையுங்கள்.

தூரத்தில் இருந்தால் எக்ஸ்டேர்னல் டிஸ்க். ஸ்டீமப்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கொமன் ஃபோல்டரைத் திறந்து, கேமின் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். மற்றக் கணினியில் அதே இடத்தில் பெயர் மாறாமல் ஒட்டிவிட்டு, ஸ்டீமில் இன்ஸ்டோல் அழுத்துங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும் இறக்கும். டிஸ்க் ஃபாட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, "இடம் காணாது" என்று பொய்யாகச் சொல்வதும் உண்டு. எக்ஸ்ஃபாட் ஆக ஃபோர்மட் செய்யுங்கள். யூஎஸ்பி 2.0 துவாரத்தில் 75 ஜிபி முக்கால் மணித்தியாலம் எடுக்கும், 3.0-இல் கால் மணித்தியாலம்.

டிஸ்க்கை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். பழைய கோப்பை வைத்துக்கொண்டே புதியதை அருகில் கட்டுவதால், சின்ன அப்டேட்டுக்கும் ஸ்டீம் பல ஜிபி வெற்றிடம் கேட்கும்.

முதல் தரம் திறந்ததும் 'ஷேடர்' என்று சொல்லி அரை மணித்தியாலம் நிற்கிறது. பழுதா?

பழுதில்லை, விடுங்கள். ஒரு மொடல் கொன்சோல் எல்லாவற்றிலும் ஒரே கிராஃபிக்ஸ் சிப் என்பதால் ஒளி, நிழல், தோல், தண்ணீர் ஆகியவற்றுக்கான சிறு நிரல்களைத் தொழிற்சாலையிலேயே சமைத்துக் கொடுத்துவிடலாம். கணினியில் ஆளுக்கொரு கார்ட், ஆகவே உங்கள் வீட்டில்தான் சமைக்க வேண்டும். அந்த நேரம் புரொசசர் நூறு வீதம் வேலை செய்யும், விசிறி கத்தும். இடையில் கரண்ட் போனால் சில கேம்கள் முதலிலிருந்து தொடங்கும். பொறுக்காமல் தாண்டிவிட்டால் விளையாடும்போது ஒவ்வொரு புதிய இடத்திலும் விக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினாலும் இது திரும்ப நடக்கும். நன்றாக ஓடுகிறது என்றால் டிரைவரைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குள் என்றால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். கேம் திறந்து ஷேடர் கட்டும் நேரமும் அந்த 2 மணித்தியாலத்துக்குள் எண்ணப்படும். எனவே முதல் நாளில் நேரத்தைப் பார்த்தபடி இருங்கள்.

சோனி கேம்கள் இலங்கையில் விற்பனைக்கு இல்லை என்கிறார்களே?

பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்குத் தொடங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததுதான் பிரச்சினையின் வேர். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2-க்கு அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கப் போய், கணக்கில்லாத நாடுகளில் விற்பனையை நிறுத்தினார்கள். கட்டாயத்தைக் கைவிட்ட பிறகும் கோஸ்ட் ஒஃப் சுஷிமா, கோட் ஒஃப் வோர் ரக்னரொக் என்று அடுத்தடுத்த கேம்களிலும் அதுவே தொடர்ந்தது. தனியாக இருந்து விளையாடும் ஒரு கதைக்கு ஏன் நெட்வேர்க் கணக்கு என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. 2025 ஜனவரியில் ரக்னரொக், ஸ்பைடர்மேன் 2 உட்பட நான்கு கேம்களுக்குக் கணக்கு விருப்பத்துக்குரியது என்று சோனி அறிவித்தது.

வாங்கமுன் உங்கள் சொந்தக் கணக்கில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்து, வாங்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் மென்பொருள்) போட்டு ஸ்டீமின் நாட்டை மாற்றுவது விதிமீறல். கணக்குப் பூட்டப்பட்டால் அதிலுள்ள எல்லாக் கேமும் போய்விடும்.

வங்கிக் கார்ட் இல்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பா வாங்கித் தரலாமா?

தரலாம். அவரும் ஒரு ஸ்டீம் கணக்குத் தொடங்கி உங்களை நண்பராகச் சேர்க்க வேண்டும். டிஜிட்டல் கிஃப்ட் கார்ட் அனுப்ப, நண்பராகி 3 நாள் ஆகியிருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு என்றால் ஒரு கிழமைக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இலங்கைக் கணக்கில் விலை அமெரிக்க டொலரில் காட்டும். அவர் அனுப்பும் தொகை மாற்றப்பட்டு உங்கள் பணப்பையில் விழும். கோடை, குளிர்கால விற்பனைகளில் பழைய போர்ட்களுக்குப் பாதிக்குக் கீழேயும் விலை இறங்கும். அதுவரை பொறுத்தால் திருத்தங்களும் வந்து முடிந்திருக்கும்.

கொன்சோலையே அனுப்புவதாகச் சொன்னால், அனுப்பமுன் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றினால் போதும். வட அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பொக்ஸ் 360-இன் பவர் பெட்டி நமது 230 வோல்ட்டைத் தாங்காது. செருகிய கணத்திலேயே போய்விடும்.

கடையில் கேமை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருகிறார்களே, அது மலிவுதானே?

உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் போகாது என்பது முதல் விஷயம். அடுத்தது, அப்படிச் சுற்றும் பிரதி பெரும்பாலும் வெளிவந்த முதல் வாரத்துப் பதிப்பு. போர்ட்களில் மிக மோசமான பதிப்பே அதுதான்: மேலே சொன்ன திருத்தம் எதுவும் அதில் இல்லை. "இந்தக் கேம் ஓடாது" என்று பலர் முடிவெடுப்பது அந்தப் பிரதியைப் பார்த்துத்தான். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு ஏற்று என்றும் சொல்வார்கள். வங்கிக் கணக்குத் திறக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

பிஎஸ்4 டிஸ்க் வீட்டில் இருக்கிறது. கணினியில் பாவிக்கலாமா? சேவ் வருமா?

இரண்டும் முடியாது. கணினிப் பதிப்பைத் தனியாக வாங்க வேண்டும், கதையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எக்ஸ்பொக்ஸில் 'பிளே எனிவேர்' அடையாளம் உள்ள கேம்கள் மட்டும் ஒரே விலையில் கணினிக்கும் சேர்ந்து வரும்.

நின்டென்டோ கேம்கள் வருமா?

மாரியோவையும் செல்டாவையும் எதிர்த்தரப்புக் கொன்சோலுக்கோ கணினிக்கோ நின்டென்டோ விடுவதில்லை. காத்திருக்க வேண்டாம்.

கொன்ட்ரோலரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கேம் அதைக் கண்டுகொள்வதில்லை.

வயரில்தான் பிழை. சந்திக் கடையில் கிடைக்கும் மலிவு வயர் பலவற்றில் கரண்டுக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும், டேட்டாவுக்கான இரண்டும் இராது. அதே வயரால் போனைக் கணினியில் செருகிப் பாருங்கள். படங்கள் தெரிந்தால் வயர் நல்லது. பிஎஸ்4 கொன்ட்ரோலரான டூவல்ஷொக் 4-க்கு மைக்ரோ யூஎஸ்பி, பிஎஸ்5 கொன்ட்ரோலரான டூவல்சென்ஸுக்கு டைப்-சி. டூவல்சென்ஸின் இறுகும் விசை பல போர்ட்களில் வயரில் மட்டுமே வேலை செய்யும், புளூடூத்தில் செய்யாது.

வெயிலும் கரண்டும்?

மதியம் 35 பாகையில் தகர, சீற் கூரைக்குக் கீழே விளையாடினால் மெஷின் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். கேம் விக்குவதற்குப் போர்ட்டைத் திட்டமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்மண் புழுதி புரொசசர் ஹீற்சிங்கின் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோலப் படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டே ஊதுங்கள், சுழலவிட்டு ஊதினால் அச்சுக் கெடும். பழைய ஓபிஸ் மெஷினில் தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் சூடு நன்றாக இறங்கும்.

650 விஏ யூபிஎஸ் இந்த மெஷினுக்குக் காணும். அது கேமைத் தொடர்ந்து விளையாட இல்லை, சேவ் செய்து அணைப்பதற்கு. வோல்ட் ஏறி இறங்கும் இடம் என்றால் ஏவிஆர் (வோல்ட்டைச் சீராக்கும் பகுதி) உள்ளதாக வாங்குங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிக்கு யூபிஎஸ் காவல் இல்லை: பிளக்கையும் ரவுட்டருக்கு வரும் லைன் வயரையும் கழற்றி வையுங்கள்.

இந்தப் போர்ட் வேலையையே நாங்கள் படிக்கலாமா?

கட்டாயம். அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களும், ஏ/எல் முடித்து வீட்டில் இருப்பவர்களும் தொடங்கலாம். தேவை சி++ என்ற நிரல் மொழி, பின் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் வல்கன் அல்லது டைரக்ட்எக்ஸ் 12. பழைய கேம்களின் இயந்திர நிரலை வாசித்து மூலநிரலாக மீட்டெழுதும் திறந்த திட்டங்கள் உண்டு. சூப்பர் மாரியோ 64 அப்படித்தான் மீட்கப்பட்டு, 2020-இல் கணினியில் நேரடியாக ஓடியது. அதைக் கட்டியெழுப்ப உங்களுடைய சொந்தப் பிரதியிலிருந்து எடுத்த கேம் கோப்பு தேவை. நிரல் சிறியது, 8 ஜிபி ராம் மெஷினிலேயே கட்டலாம். முதல் பயிற்சியாக, நான்கு பைட்டைத் திருப்பிப்போடும் ஒரு ஃபங்ஷனை எழுதி, 00 00 00 01-ஐக் கொடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.